பின்சில்லு லொறியும் வழுக்கு வீதியும்

கலேவெலச் சந்தியிலே ஒரு நாழிகை நின்று பார்ப்பவர், இலங்கையின் லொறிப் போக்குவரத்தில் ஒரு பெரும்பகுதி தம் கண்முன்னே ஓடுவதைக் காணலாம். அம்பேபுசவிலே தொடங்கிக் குருநாகல், மெல்சிரிபுர, கலேவெல, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்னும் ஊர்களைத் தொட்டுத் திருகோணமலை சேரும் ஏ 6 வீதி இவ்வூரின் நடுவே செல்கின்றது. 1999 ஆம் ஆண்டிலே தம்புள்ளையில் விசேட பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டதன் பின், மரக்கறியும் வெங்காயமும் ஏற்றிய லொறிகள் இரவு பகலாக இவ்வழியே போகின்றன; பாரத்தை இறக்கியபின் வெறும் லொறிகளாக இவ்வழியே திரும்புகின்றன. இந்த லொறிகளுள் மிகப் பெரும்பாலானவை பின்சில்லுகளால் உந்தப்பட்டு ஓடுபவை. எஞ்சின் முன்னே இருக்கும். அதன் வலு நீண்ட தண்டொன்றின் வழியாகப் பின் அச்சுக்குச் செல்லும். முன்சில்லுகள் வழிகாட்ட, பின்சில்லுகள் தள்ளும்.

இத்தகைய லொறியை வெண்பனியிலும் ஐஸிலும் ஆபத்தின்றி ஓட்டுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். கலேவெலக்கும் வெண்பனிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் வினவலாம். இலங்கையிலே உறைபனி என்று சொல்லத்தக்கது நுவரெலியாவில் தை, மாசி மாத விடியற்பொழுதிலே புல்வெளியிலும் தேயிலைக் கொழுந்திலும் படிவது மாத்திரமே. ஆயினும், எம் நாட்டிற் பிறந்து வளர்ந்தோர் பல்லாயிரவர் இன்று உறைபனி நாடுகளிலே வாழ்கின்றனர். 1980 களில் நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க் பகுதிக்கு மீன் தொழிற்சாலை வேலைக்குச் சென்ற தமிழர் உளர். கனடாவின் ரொறன்ரோ நகரையும் அதன் சூழலையும் இருப்பிடமாகக் கொண்டோர் மிகப் பலர். அங்கே லொறி ஓட்டிக் குடும்பம் காப்போரும் அவருள் அடங்குவர். வெயில் நாட்டிலே கைபழகிய சாரதிக்கு முதலாவது மாரிகாலம் ஒரு சோதனை. அன்றியும், ஐஸ் கற்பிக்கும் பாடம் ஐஸோடு முடிவதில்லை. ஐப்பசி மழையிலே நனைந்த எம்மூர் வீதிக்கும் அதே பாடந்தான்.

பிடிப்பு என்னும் கைமுதல்

ஒரு லொறி எத்துணைப் பெரிதாயினும் அது நிலத்தைத் தொடுவது சில உள்ளங்கையளவான இடங்களிலேதான். ஒவ்வொரு ரயரும் நிலத்தோடு பொருந்தும் அச்சிறு பரப்பிலே பிறக்கும் உராய்வே லொறியை ஓட்டுகின்றது, திருப்புகின்றது, நிறுத்துகின்றது. இம்மூன்று தொழிலுக்கும் வெவ்வேறு கையிருப்பு இல்லை. ஒரே கைமுதலைத்தான் மூன்றுக்கும் பகிர வேண்டும். வளைவிலே திரும்புவதற்குப் பிடிப்பு முழுவதையும் செலவிட்டுவிட்ட சாரதிக்குப் பிறேக் பிடிப்பதற்கு மிச்சம் ஒன்றும் இராது. உலர்ந்த தார்வீதியிலே கைமுதல் பெரிது. ஆதலால் ஊதாரித்தனம் வெளியே தெரிவதில்லை. ஐஸிலே கைமுதல் மிகச் சிறிது. ஒரு காசு கூடச் செலவிட்டாலும் கடன்காரன் வாசலில் நிற்பான்.

கல்லூரியிலே பௌதிகம் பயின்றோர் உராய்வுக் குணகத்தை மறந்திருக்க மாட்டார்கள். நல்ல உலர்ந்த தார்வீதியிலே அதன் பெறுமானத்தை ஏறக்குறைய 0.7 என்று கொள்ளலாம். மழையில் நனைந்த வீதியில் 0.4, மிதிபட்டு இறுகிய வெண்பனியில் 0.2, ஐஸில் 0.1. மணிக்கு 50 கி.மீ. வேகத்திற் செல்லும் வண்டியின் பிறேக் பிடித்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் இடைப்பட்ட தூரத்தை இக்குணகங்கொண்டு கணித்தால், உலர்ந்த வீதியில் 14 மீற்றர், நனைந்த வீதியில் 25 மீற்றர், வெண்பனியில் 49 மீற்றர், ஐஸில் 98 மீற்றர் என வரும். இவை ஏட்டுக் கணக்குகள். பாரலொறி நிற்க இதனினும் கூடிய தூரம் வேண்டும். பிறேக்கை நினைத்துக் காலை வைப்பதற்குள் கழியும் ஒரு செக்கனில் வண்டி மேலும் 14 மீற்றர் ஓடிவிடும் என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. வேகத்தைப் பாதியாக்கினால் தூரம் காற்பங்காகும். எனவே ஐஸிலே மணிக்கு 25 கி.மீ. வேகத்திற் செல்பவன், மழைவீதியில் 50 கி.மீ. வேகத்திற் செல்பவனுக்குச் சமமான தூரத்திலேதான் நிற்பான். ஐஸ்வீதியில் உயிர்காக்கும் முதற் கருவி வலக்காலின் அடக்கமே. பிரித்தானிய வீதி விதிநூலும் நனைந்த வீதியில் முன்வண்டிக்கும் எமக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்குக என்றும், ஐஸில் நிற்கும் தூரம் பத்து மடங்காகலாம் என்றும் கூறுகின்றது.

இன்னுமொன்று. குளிர் கூடக்கூட வழுக்கலும் கூடும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. கடுங்குளிரில் உலர்ந்திருக்கும் ஐஸிலும் பார்க்க, பூச்சியப் பாகைச் செல்சியசை அண்டி நீர்கசியும் ஐஸே மிகவும் வழுக்கும். வீதியோடு ஒட்டிக் கண்ணாடிபோற் படியும் மெல்லிய ஐஸ்படலம் கண்ணுக்கு நனைந்த தார்போலவே தோன்றும். ரயரிலிருந்து தெறிக்கும் நீரின் ஓசை சட்டென்று அடங்குமாயின், நீர் ஐஸாயிற்று என்று சாரதி உணர்தல் வேண்டும். பாலங்கள் அடியிலும் காற்றுப் படுவதால் ஏனைய வீதியிலும் முந்தி உறையும்.

பின்சில்லு லொறியின் குணம்

முன்சில்லு வழுக்கினால் லொறி திரும்ப மறுத்து நேரே செல்லும். பின்சில்லு வழுக்கினால் லொறியின் வால் ஒருபக்கம் வீசும். தக்க வேளையில் அடக்காவிடின் வண்டி சுழன்றுவிடும். பின்சில்லால் உந்தப்படும் லொறியில் இரண்டாவது ஆபத்தே பெரிது. உந்துவிசை முழுவதும் பின்சில்லுகளின் மேலேயே விழுவதால், அக்சிலேற்றரைச் சற்று அழுத்தினாலும் அவை சுழன்று பிடிப்பை இழக்கலாம். காலைச் சடுதியாக எடுத்தாலும், கீழ்க்கியருக்குச் சடுதியாக மாற்றினாலும், எஞ்சின் பின்சில்லுகளை மாத்திரம் இழுத்துப் பிடிக்கும். அதனாலும் வால் வீசலாம். ஏற்றுவதும் இறக்குவதும் இரண்டுமே மெதுவாக நிகழ வேண்டியது இதனாலேதான்.

வெறும் லொறியின் நிலை இன்னும் மோசமானது. கணக்குக்காக ஒரு லொறியை எடுத்துக்கொள்வோம். வெறுமனே அதன் நிறை 4 தொன், அதில் 1.6 தொன் மாத்திரம் பின் அச்சின்மேல் இருக்கின்றது. ஐஸிலே இப்பின்சில்லுகள் தரக்கூடிய உந்துவிசை 0.16 தொன்னுக்கு மேற்படாது. அஃதாவது, 100 மீற்றருக்கு 4 மீற்றர் உயரும் ஏற்றத்துக்கு மேல் அந்த லொறி ஏறமாட்டாது. அதே லொறியில் 5 தொன் பாரம் ஏற்றி, அதில் 4.5 தொன் பின் அச்சின்மேல் விழுமாறு வைப்போமாயின், 9 தொன் நிறையில் 6.1 தொன் பின்சில்லின்மேல் இருக்கும். அப்பொழுது 100 மீற்றருக்கு ஏறக்குறைய 7 மீற்றர் ஏற்றத்தையும் அது சமாளிக்கும். குளிர்நாட்டுச் சாரதிகள் வெறுமனே செல்லும் சிறு லொறிகளின் பின் அச்சுக்கு நேர்மேலே மணல்மூட்டைகளை வைத்து இறுகக் கட்டுவது இந்நுட்பம் கருதியே. கட்டாத மூட்டை பிறேக் பிடிக்கையில் முன்னே பாயும். பின் அச்சுக்கும் அப்பால் வாலிலே வைத்த மூட்டை முன்சில்லின் பாரத்தைக் குறைத்துச் சுக்கானின் பிடிப்பைக் கெடுக்கும். எமது வண்டிற்காரர் பாரம் முன்னே கூடினால் மாட்டின் கழுத்தை அமுக்கும், பின்னே கூடினால் நுகத்தைத் தூக்கும் என்று பார்த்துப் பார்த்து ஏற்றிய நுட்பமும் இதுதான்.

ஆனால் ஈண்டு ஒரு மயக்கம் நிகழ்வதுண்டு. பாரம் ஏறுவதற்கு உதவும்; நிற்பதற்கு உதவாது. நிறை கூடினால் பிடிப்புக் கூடுவது மெய். அடக்க வேண்டிய இயக்கசத்தியும் அதே விகிதத்திலே கூடிவிடுகின்றது. ஏற்றத்தில் நன்றாகப் பிடித்து ஏறிய லொறி இறக்கத்திலும் நன்றாக நிற்கும் என்று நம்பியவர் பலர் வளைவிலே அந்த நம்பிக்கையை இழந்திருக்கின்றனர்.

புறப்படுமுன்

குளிர்காலத்துக்கென வார்க்கப்பட்ட ரயர்கள் வேறு. அவற்றின் றப்பர் குளிரிலும் விறைக்காது. அவற்றின் முகத்திலே நுண்ணிய கீறல்கள் செறிந்திருக்கும். கியூபெக் மாகாணத்திலே மோட்டார்க் கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இத்தகைய ரயர் சட்டப்படி கட்டாயமாகும். லொறிக்காரருக்குச் சங்கிலியும் இன்றியமையாதது. ரயரைச் சுற்றிக் கட்டும் இச்சங்கிலிக்கு 1904 ஆம் ஆண்டிலே ஹரி வீட் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். பிரித்தானிய கொலம்பிய மாகாணத்தின் மலைவீதிகளிலே குளிர்காலத்திற் கனரக லொறிகள் சங்கிலியைக் கொண்டு செல்லவேண்டும் என்பது விதி.

சங்கிலியை உந்தும் சில்லிலே, அஃதாவது பின்சில்லிலே பூட்ட வேண்டும். மலையடிவாரத்தில் சமதரையான இடத்திலே நிறுத்திப் பூட்டுதல் நன்று; பாதி ஏற்றத்தில் நின்றபின் பூட்ட முயல்வது உயிரோடு விளையாடுவதாகும். பூட்டிச் சிறிது தூரம் ஓடியபின் இறங்கி மீண்டும் இறுக்குதல் வேண்டும். சங்கிலியோடு மணிக்கு 50 கி.மீ. வேகத்தைத் தாண்டலாகாது. பின்சில்லிற் சங்கிலி பூட்டியதனால் முன்சில்லுக்குப் பிடிப்பு உண்டாகிவிடாது என்பதையும் மறத்தல் கூடாது, வளைவு வளைவுதான்.

கண்ணாடி, விளக்கு, லொறியின் கூரை ஆகியவற்றிலே படிந்த வெண்பனியை முழுவதும் அகற்றிய பின்னரே புறப்பட வேண்டும். மண்வாரி, ஒரு சாக்கு மணல், கம்பளி, தண்ணீர், கைவிளக்கு ஆகியன சாரதியின் ஆசனத்துக்கருகே இருக்கட்டும்.

புறப்படுதலும் ஏறுதலும்

சுக்கானை நேரே வைத்து, இரண்டாம் கியரிலே, கிளச்சை மெல்ல மெல்ல விட்டுப் புறப்படுதல் வேண்டும். முதலாம் கியரின் வலு பின்சில்லைச் சுழற்றிவிடும். சுழலும் சில்லு தன்கீழுள்ள பனியை உருக்கி, அதனை ஐஸாக்கி, தனக்குத்தானே குழி தோண்டுகின்றது. சுழன்றால் அக்சிலேற்றரை அழுத்துவதன்று, விடுவதே வழி.

ஒருபக்கச் சில்லு ஐஸிலும் மறுபக்கச் சில்லு நல்ல நிலத்திலும் இருக்கும்போது, வழுக்கும் சில்லு மாத்திரம் வீணே சுழல்வதைக் காணலாம். பின் அச்சிலுள்ள டிபரன்சல் இரு சில்லுக்கும் ஒரேயளவு முறுக்கத்தையே தருவதனால், பிடிப்பில்லாத சில்லின் வலுவின்மை மற்றதையும் கட்டிப்போடுகின்றது. டிபரன்சலைப் பூட்டும் வசதி உள்ள லொறியிலே நின்ற நிலையில் அதனைப் பூட்டி நேராக வெளியேறி, உடனே விடுவித்துவிட வேண்டும். பூட்டியபடியே திரும்பினால் வண்டி திரும்ப மறுக்கும். அவ்வசதி இல்லாதவர் சில்லின் முன்னே மணலோ சாக்கோ இட்டு, மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி வெளியேறலாம். அப்பொழுது சில்லின் பின்னே எவரும் நிற்றலாகாது; சாக்கும் கல்லும் துப்பாக்கி ரவைபோலப் பாயும். பனியிலே புதைந்து காத்திருக்கும்போது புகைக்குழாயின் வாயை மூடிய பனியை அகற்றாமல் எஞ்சினை ஓடவிடுவோர், மணமற்ற நச்சுவாயுவைச் சுவாசித்து உறக்கத்திலேயே மாண்டுபோவர்.

ஏற்றத்தை அடிவாரத்திலேயே தீர்மானிக்க வேண்டும். தக்க கியரையும் ஒரேயளவான வேகத்தையும் கீழேயே அமைத்துக்கொண்டு, முன்னே செல்லும் வண்டி ஏறி முடியும்வரை காத்திருந்து, இடையிலே நிறுத்தாமல் ஏறுதல் முறை.

இறங்குதலும் நிறுத்துதலும்

இறக்கத்தின் உச்சியிலேயே கீழ்க்கியருக்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். பாதிவழியில் மாற்றும்போது பின்சில்லு திடுக்கிட்டுப் பிடிப்பை இழக்கும். எம்மூர் மலைப்பாதையிலே பெருந்துணையாக இருக்கும் எக்சோஸ்ற் பிறேக் ஐஸிலே பகையாகலாம். அது பின்சில்லை மாத்திரம் பிடிக்கின்றது. வெறும் லொறியில் அப்பிடியே வாலை வீசச் செய்யும். ஐஸ்வீதியில் அதனை நிறுத்தி வைத்து, நாற்புறச் சில்லுக்கும் பகிரப்படும் காற்பிறேக்கை மென்மையாகப் பயன்படுத்துவதே நன்று.

ஏ.பி.எஸ். என வழங்கும், சில்லு இறுகாமற் காக்கும் அமைப்புள்ள லொறியிலே நெருக்கடி நேர்ந்தால் பிறேக்கை உறுதியாக அழுத்திப் பிடித்துக்கொண்டு சுக்கானாற் செல்வழி காணலாம். பாதத்தின் கீழே தோன்றும் அதிர்வு அமைப்பு வேலை செய்வதன் அடையாளம்; அஞ்சிக் காலை எடுத்தல் கூடாது. அவ்வமைப்பில்லாத பழைய லொறியில் அழுத்தி, சில்லு இறுகுமுன் விட்டு, மீண்டும் அழுத்துதலே வழி. எவ்வாறாயினும் இவ்வமைப்புப் பிடிப்பைப் படைப்பதில்லை. இருக்கும் பிடிப்பைச் சிதறாமற் காப்பது மாத்திரமே அதன் தொழில்.

வால் விலகினால்

அந்தக் கணத்திலே செய்யத்தக்கவை நான்கு. அக்சிலேற்றரிலிருந்து காலை எடுக்க வேண்டும். கிளச்சை அழுத்திப் பின்சில்லைத் தன்போக்கில் உருளவிட வேண்டும். பிறேக்கைத் தொடலாகாது. போகவேண்டிய திசையைப் பார்த்து அத்திசைக்கே சுக்கானைத் திருப்ப வேண்டும்: வால் இடப்பக்கம் விலகினால் சுக்கானும் இடப்பக்கம், வலப்பக்கம் விலகினால் வலப்பக்கம். வால் வழிக்கு வரத் தொடங்கியவுடன் சுக்கானையும் நேராக்கிவிட வேண்டும்; தாமதித்தால் வண்டி எதிர்ப்பக்கம் இன்னும் வலுவாக வீசும். மதகையோ மரத்தையோ பார்த்தபடி இருப்பவனின் கை அவனை அங்கேயே கொண்டு செல்லும். விழி போன வழியே வண்டி போகும் என்பது எந்நாட்டு வீதிக்கும் பொருந்தும்.

தொடுப்புப் பெட்டி இழுக்கும் பெரிய லொறியிலே, உந்துசில்லு வழுக்கினால் இழுபெட்டி முன்னேறி மடக்குக்கத்திபோல வண்டியை மடித்துவிடும். ஒருமுறை மடியத் தொடங்கிய வண்டியை மீட்பது அரிது. வேகத்தைக் குறைத்தலே அதற்கு மருந்து.

உறைந்த ஏரியின்மேல்

பின்சில்லு லொறி ஐஸிலே ஆற்றிய அருஞ்செயலுக்கு வரலாற்றிலே ஒரு சான்று உண்டு. லெனின்கிராட் நகரம் முற்றுகையிடப்பட்டு மக்கள் பசியால் மடிந்துகொண்டிருந்த வேளையில், 1941 ஆம் ஆண்டு நவம்பர் 22 ஆம் தேதி, உறைந்த லடோகா ஏரியின் மேலே முதலாவது லொறி வரிசை புறப்பட்டது. அவ்வழியே ஓடியவற்றுட் பெரும்பாலானவை ஒன்றரைத் தொன் தாங்கும் காஸ் லொறிகள். போர்ட் நிறுவனத்தின் வடிவத்தைத் தழுவிய, பின்சில்லால் மாத்திரம் ஓடும் எளிய வண்டிகள். ஐஸ் மெல்லிதாக இருந்த நாளிலே பாரத்தைக் குறைத்து ஏற்றினர். வண்டிகளுக்கிடையே இடைவெளி விட்டனர். ஐஸ் உடைந்தால் வெளியே பாய்வதற்காகச் சாரதிகள் கதவைத் திறந்து வைத்தே ஓட்டினர்.

ஏரியின்மேல் ஓடும் லொறி ஐஸின் கீழுள்ள நீரிலே ஓர் அலையைத் தள்ளிச் செல்கின்றது. லொறியின் வேகமும் அலையின் வேகமும் ஒத்துவரும்போது ஐஸ் பெரிதும் வளைந்து பிளக்கும் என்பதை அக்காலத்து ஆய்வாளர் அளந்து கண்டனர். கனடாவின் வடமேற்கிலே வைரச் சுரங்கங்களுக்குச் செல்லும் திபிற்–கொன்ட்வொய்ற்றோ குளிர்கால வீதியில் பாரம் ஏற்றிய லொறிகளுக்கு மணிக்கு 25 கி.மீ. என்று எல்லை வகுத்திருப்பதும் இதே காரணம் பற்றியதே. அவ்வீதியின் மிகப்பெரும் பகுதி உறைந்த ஏரிகளின் மேலேயே செல்கின்றது. ஆமைவேகம் அங்கே கோழைத்தனம் அன்று, கணக்கு.

எம்மூர் வீதியிலே

இனி ஏ 6 வீதிக்குத் திரும்புவோம். நெடுநாள் வெயிலின்பின் பெய்யும் முதல்மழையின் முதற் சில நிமிடங்களே மிக்க ஆபத்தானவை. வீதியிலே படிந்த எண்ணெயும் புழுதியும் றப்பர்த்தூளும் நீரோடு குழைந்து மெழுகாகின்றன. மழை தொடர்ந்து பெய்து அம்மெழுக்கைக் கழுவியபின் பிடிப்பு ஓரளவு மீளும். தேவஹுவ முதலான குளப்பக்கங்களில் வயலிலிருந்து ஏறும் உழவியந்திரங்கள் தார்வீதியிற் கொட்டும் சேறும், மழையில் ஊறிய கிளைவீதிச் செம்மண்ணும் வெண்பனிக்குத் தங்கைமார் என்றே சொல்லலாம். தம்புள்ளையிலே பாரத்தை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் லொறியின் பின்சில்லு அப்பொழுது நிலத்தைத் தொட்டும் தொடாமலும் செல்கின்றது. வரும்போது உறுதியாக நின்ற வண்டி போகும்போது வால் வீசுவதேன் என்று வியப்போர்க்கு மேலே சொன்ன 1.6 தொன் கணக்கு விடை தரும். பாரத்தை இறக்கிய சாரதிக்கு மனமும் இலேசாகும், வீடு சேரும் அவாவும் மிகும், காலும் அழுத்தும். பிடிப்புக் குறைந்த வேளையிலே வேகம் கூடுகின்றது. பல விபத்துக்களின் வித்து இதுவே.

ஆதலால் வெறும் லொறியை மழையிலே ஓட்டுவோர் பாரலொறியிலும் பார்க்க மெதுவாகச் செல்க. தேய்ந்த ரயரைப் பின் அச்சில் இட்டு, பாரம் பிடித்துக்கொள்ளும் என்று நம்பாதொழிக. வளைவுக்கு முன்னே வேகத்தைக் குறைத்து, வளைவினுள்ளே காலை அசையாது வைக்க. பனிநாட்டுக்குச் செல்லும் இளைஞர், ஒரு வெற்று மைதானத்திலே, அனுபவமுள்ள ஒருவரை அருகிருத்தி, வண்டி எவ்வேகத்தில் வழுக்குகின்றது, எத்தூரத்தில் நிற்கின்றது என்பதைத் தம் கையாலும் காலாலும் அறிந்தபின் பெருவீதிக்கு ஏறுக. ஏட்டிலே கற்றது மூளையில் நிற்கும். நெருக்கடியிலே உதவுவது பழகிய பாதம்.

வீதி எவ்வளவு கடன் தரும் என்பதை வீதியே தீர்மானிக்கின்றது. அதனை மழை குறைக்கும், சேறு குறைக்கும், ஐஸ் மிகக் குறைக்கும். கூட்டுவது எம் கையில் இல்லை. அளவறிந்து செலவிடுவது மாத்திரமே எம் கையில் உள்ளது. அவ்வளவறிந்த சாரதியின் வீட்டிலே விளக்கு ஏற்றி வைத்துக் காத்திருப்போர் வீணே காத்திரார்.